இடப்பக்க மடல்

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் வாரம்
மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பிச்சை
பெயின்ட் வாளியில் கொண்டுவந்தார்
ஐந்து ஆடுகளின் நாலாம் இரைப்பை.
"எம்மா, இந்தா இது மானூர் மாடக்கண்ணு ஆடு.
நிக்கமாட்டாமக் கெடந்துச்சு.
செவ்வாச் சந்தையில பாதி வெலைக்குத் தள்ளிட்டாரு."

கத்தரி வைத்து வளைவோடு கீறினேன்.
சதை மடிப்புகளில் இன்னும் சூடு.
ஊசிமுனையில் தூக்கினால் தொங்குகிறது
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்.
சிவப்பு புழுவினுடையது அல்ல,
அதன் குடலுக்குப் போன ஆட்டு ரத்தம்.
வெள்ளைதான் அதன் சொந்தம்: சினைக்குழல்,
ரத்தத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது.

முதல் கேள்வி, தலை எது வால் எது.
பிறகு, கண் இல்லை. கால் இல்லை. கணு இல்லை.
இல்லைகளை எழுதி முடித்தால்தான்
இருப்பதற்கு இடம் வரும் நோட்டில்.
ஒரு குழாய், அதற்குள் ஒரு குழாய்,
இடையில் இறுகி நிற்கும் நீர்.
வாயென்று சின்னக் குழி, அதில் ஒற்றை ஈட்டி.
கழுத்தின் இருபுறம் இரண்டு முள்,
தலைநுனியிலிருந்து முந்நூற்று எண்பது மைக்ரான்.

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் இது அஃறிணை,
ஆணுக்கும் பெண்ணுக்கும் 'அது' ஒன்றே போதும்.
இங்கே போதாது.
பெண்ணின் இடைவாயில் சிலதற்கு நாக்குபோல் மடிப்பு,
சிலதற்குக் குமிழ், சிலதற்கு வெறும் வழுவழுப்பு,
மூன்றும் ஒரே வயிற்றில், ஒரே இனத்தில்.
பெண்ணை நம்பிப் பெயர் எழுத முடியாது.
ஆண் வேண்டும். அதிலும் ஆணின் வால் வேண்டும்.

வால்நுனியில் விரிகிறது ஒரு குடை.
பக்கத்துக்கு ஒன்றாய் நீண்ட மடல்கள்.
நடுவில் நிற்கவேண்டிய முதுகு மடல்
நடுவில் நிற்காது; இடப்பக்கம் ஒதுங்கி
ஒரு கவட்டைக் குச்சியைப் பிடித்திருக்கும்.
அந்தக் கோணல்தான் அடையாளம்.

லாக்டோபீனாலில் தெளியவிட்டு
பத்து ஆண்களை வரைந்தாயிற்று. பத்தும் இடம்.
பதினொன்றாவது வலம்.

மறுபடி பார்த்தேன். வலம்.
ஸ்லைடில் எண்ணைச் சரிபார்த்தேன்: மாடக்கண்ணு ஆடு.
ராமையன்பட்டியில் கரண்ட் போய் வந்தது, வலம்.
யாருக்கும் சொல்லாமல், பென்சிலில், ஓரத்தில்,
பொருநைக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
பின்னால் என் பெயர், வருடம்.

நாலரைக்கு அருகில் சாந்தகுமாரி வந்து
கண்ணாடி வில்லையை ஊசியால் லேசாக நகர்த்தினாள்.
புழு உருண்டது. மடல் இடத்துக்கு வந்தது.
"மல்லாந்து கெடந்துருக்குப்பா" என்றாள்,
சாயா குடிக்கப் போனாள்.

நோட்டில் எதையும் அழிக்கக்கூடாது.
ஒரே கோடு, அடித்தது தெரியும்படி.
பொருநையின் மேல் ஒரு கோடு போட்டேன்.

மாடக்கண்ணு போனில்.
"என்ன புழுன்னு தெரிஞ்சிட்டா?"
"பழசுதான். தெரிஞ்ச புழுதான்."
"நல்லதாப் போச்சு" என்றார். அந்த மூச்சு
என் காதில் சுட்டது.
"பழசுக்குன்னா மருந்து இருக்கும்லா?"
"இருக்கு."
"ஆவணியில அதத்தான் குடுத்தேன், அளவு பார்த்து.
அப்ப இது செத்திருக்கணும்லா?
இன்னும் நாப்பத்தெட்டு உருப்படி நிக்கி.
கண்ணுமடலக் கீழ இழுத்தா வெள்ளையா இருக்கு."

ஈட்டியைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன்.
விரிந்த குடை, கவட்டை, கொக்கிமுனைக் குச்சிகள்,
எல்லா அளவும் என்னிடம் இருக்கிறது.
மருந்தைக் குடித்துவிட்டுப் பிழைத்த புழுவுக்கும்
குடிக்காத புழுவுக்கும்
வரைந்து காட்ட வித்தியாசம் ஒன்றுமில்லை.

"நாளைக்குப் புழுக்கை எடுத்துட்டு வாங்க,
பத்து ஆட்டுது, தனித்தனியா" என்றேன்.
முட்டை எண்ணுவது வேறு மேஜை, வேறு வேலை.

வாளியை மைதீன் பிச்சை கேட்பார்.
அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.